தூள் பழக்கத்திலிருந்து உடலை மீட்பது: மலையகக் குடும்பங்களுக்கு ஒரு சிகிச்சை வழிகாட்டி

கொழும்பில் கடை வேலைக்கோ ஹோட்டல் வேலைக்கோ போன பிள்ளை தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, மறுநாளே போர்வையை விட்டு எழும்பாமல் கிடந்தால், தடிமன் காய்ச்சல் என்றுதான் வீட்டார் முதலில் நினைப்பார்கள். மூக்கு ஒழுகுகிறது, கண்ணில் நீர் வடிகிறது, உடம்பெல்லாம் வலிக்கிறது, ரோமம் சிலிர்த்து நிற்கிறது. நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் இவை யாருக்கும் வரக்கூடியவை. ஆனால் தடிமனில் நிமிடத்துக்கொரு தடவை கொட்டாவி வராது, விளக்கு வெளிச்சத்திலும் கண்ணின் கருமணி விரிந்தபடி நிற்காது, கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாமல் இரவு முழுவதும் உதறிக்கொண்டிருக்கவும் நேராது. இவற்றோடு சட்டைப் பையில் கருகிய கோடு விழுந்த ஈயத்தாள் துண்டு ஒன்றும் அகப்பட்டால், அது தூளை, அதாவது ஹெரோயினை, நிறுத்தியதால் வந்த வருத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் ஹெரோயினை ஊசியில் ஏற்றுகிறவர்கள் குறைவு. ஈயத்தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுப்பவர்களே அதிகம். ஆகவே கையில் ஊசித் தழும்பைத் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று ஆறுதல் அடைய வேண்டாம்.

ஹெரோயினுக்கு, அல்லது டிரமடோல் போன்ற அபின் வகை வலிநிவாரணக் குளிசைகளுக்கு அடிமையான ஒருவரை முதன்முறையாக வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் குடும்பத்துக்காக இதை எழுதுகிறேன். உடலை அந்தப் பொருளிலிருந்து பாதுகாப்பாக விடுவிக்கும் மருத்துவக் கட்டத்தை நச்சுநீக்கச் சிகிச்சை என்கிறார்கள். அது சில நாட்களில் முடிந்துவிடும். அதற்கு முன் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தமும் அதற்குப் பின் தொடர வேண்டிய கவனிப்பும் அதைவிடப் பெரியவை. பெரும்பாலான குடும்பங்கள் தம் பணத்தையும் பலத்தையும் அந்தச் சில நாட்களிலேயே செலவழித்துவிட்டு, உயிராபத்து கூடுதலாக உள்ள பிந்திய வாரங்களில் கையை விட்டுவிடுகின்றன என்பதே என் பெரிய கவலை.

உடலுக்குள் நடப்பது என்ன

நம்மை விழிப்பாகவும் பரபரப்பாகவும் வைத்திருக்கும் நோர்அட்ரினலின் என்ற இரசாயனம் மூளையின் அடிப்பகுதியில் சுரக்கிறது. அபின் வகைப் பொருட்கள் அந்தச் சுரப்பை அமுக்கி வைக்கின்றன. தினமும் அமுக்கப்படும்போது மூளை அதை ஈடுகட்டக் கூடுதல் வேகத்தில் இயங்கப் பழகிவிடுகிறது. பொருள் திடீரென்று நின்றதும் அமுக்கும் கை இல்லாமல் போக, பழகிய அந்த வேகம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. வியர்வை, படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் அதன் விளைவுகளே. குடலிலும் அபின் வகைப் பொருட்கள் பிடித்துக்கொள்ளும் இடங்கள் இருப்பதால், தூள் குடிக்கும் காலத்தில் மலச்சிக்கலோடு இருந்தவருக்கு நிறுத்தியதும் வயிற்றுப்போக்கும் பிடிப்பு வலியும் வருகின்றன. இதை நடிப்பு என்றோ பிடிவாதம் என்றோ வீட்டில் யாராவது சொன்னால், தயவுசெய்து அவரை அந்த அறையிலிருந்து அனுப்பிவிடுங்கள்.

ஹெரோயினைப் பொறுத்தவரை, கடைசித் தடவை எடுத்து 8 முதல் 24 மணித்தியாலங்களுக்குள் அறிகுறிகள் தொடங்குகின்றன. இரண்டாம், மூன்றாம் நாட்களில் அவை உச்சத்துக்கு ஏறி, பிறகு படிப்படியாகத் தணிந்து, ஒரு வாரம் பத்து நாட்களில் உடல்வருத்தம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. தூக்கக் குறைவும் சோர்வும் பொருளின் மீதான ஏக்கமும் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

வேறு நோய் இல்லாத, திடகாத்திரமான ஒருவர் இந்த வருத்தத்தால் மட்டும் இறந்துபோவது அரிது. ஆனால் வாந்தியும் பேதியும் நிற்காமல் நீர்ச்சத்து வற்றினால் நிலைமை மாறும். இருதய வருத்தம், சீனி வருத்தம், மூச்சிழுப்பு உள்ளவர்களுக்கும் இந்தச் சமாதானம் பொருந்தாது.

அறையில் பூட்டி வைப்பது பற்றி

தோட்டங்களில் இது இன்னமும் நடக்கிறது. வெளியே பூட்டுப் போட்டு, யன்னல் வழியாகச் சோறு கொடுத்து, ஒரு வாரம் கத்தவிட்டால் சரியாகிவிடும் என்று பெரியவர்களே யோசனை சொல்கிறார்கள். ஹெரோயின் ஒன்றை மட்டும் பாவித்தவர் எப்படியோ அந்த வாரத்தைக் கடந்துவிடவும் கூடும். ஆனால் அவர் தினமும் கசிப்போ சாராயமோ குடித்தவராகவும் இருந்தால், அல்லது டயசிபாம், பிரிகபலின் போன்ற குளிசைகளையும் சேர்த்து விழுங்கியவராக இருந்தால், அவற்றைச் சடுதியாக நிறுத்துவதால் வலிப்பு வரலாம். மதுவை நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் புத்தி தடுமாறி, இல்லாததைக் காணும் நிலை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். பூட்டிய அறைக்குள் வலிப்பு வந்தால் பார்ப்பதற்கு ஆள் இல்லை. கர்ப்பிணிப் பெண்ணைப் பொறுத்தவரை இந்த யோசனையைப் பேச்சுக்குக்கூட எடுக்கக்கூடாது. திடீர் நிறுத்தத்தால் கருச்சிதைவோ குறைமாதப் பிரசவமோ நேரலாம் என்பதால், நச்சுநீக்கத்தைத் தவிர்த்து மெதடோன் அல்லது பியூப்ரெனோர்பின் மருந்தை வைத்தியக் கண்காணிப்பில் தொடர்ந்து கொடுப்பதையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அவரை மிட்வைஃப் மிஸ்ஸி மூலமாக நேரே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு ஆளை இழுத்துச் சென்று அடைத்து வைக்கும் பதிவற்ற இடங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஓரிடத்தில் வைத்தியர் யார், எந்த நாளில் வருகிறார், நிலையம் எங்கே பதிவு செய்யப்பட்டுள்ளது, வீட்டார் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வரவேண்டாம்.

எங்கே போவது

தோட்டத்து டிஸ்பென்சரியில் இந்தச் சிகிச்சையைச் செய்ய முடியாது. ஆனால் அங்கே பிரஷரைப் பார்த்து, ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு போனால் அடுத்த இடத்தில் வேலை சுலபமாகும். போகவேண்டிய இடம் உளநலப் பிரிவு உள்ள அரச வைத்தியசாலை. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, பதுளையில் உள்ள பெரிய வைத்தியசாலை, கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை ஆகியவை மலையகத்தவருக்கு எட்டக்கூடியவை. ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கத்தவர்கள் முதலில் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குப் போய், உளநலக் கிளினிக் எந்தக் கிழமையில் நடக்கிறது என்று ஓ.பி.டி.யில் கேட்டுக்கொள்ளலாம். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை.

1984இல் அமைக்கப்பட்ட தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்களை நடத்துகிறது. நமக்குக் கிட்டியது கண்டியில் உள்ளது. சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இடமிருக்கிறதா, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் இருக்கிறது. பிள்ளை தற்கொலை பற்றிப் பேசினால், அல்லது காதில் குரல் கேட்கிறது என்று சொன்னால் இதற்கு அழையுங்கள்.

பலரைத் தயங்க வைப்பது பொலிஸ் பற்றிய பயம். சிகிச்சை கேட்டு வந்தவரைப் பிடித்துக் கொடுப்பது வைத்தியரின் வேலை அல்ல. ஆனால் தூளைக் கையில் வைத்திருப்பது கடுமையான குற்றம். ஆகவே “பஸ்ஸில் வருத்தம் வந்தால் எடுத்துக்கொள்ள” என்று ஒரு பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு வர ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நீதிமன்றம் ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்புவதற்கு அதில் வழி உண்டு. அந்த நிலை வரும்வரை பார்த்திருக்காமல், தானாக விரும்பிப் போவதே நல்லது.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை

கிளினிக்கில் வைத்தியர் உங்களோடு பேசும் நேரம் குறைவு. முதல் நாள் இரவே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பொருள், எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு காசுக்கு, கடைசியாக எத்தனை மணிக்கு, கூடவே மது, கஞ்சா, ஐஸ், குளிசைகள் எவையெவை, முன்பு எப்போதாவது நிறுத்திப் பார்த்ததுண்டா, அப்போது வலிப்பு வந்ததா, வேறு நோய்கள், தினமும் குடிக்கும் மருந்துகள், மருந்து ஒவ்வாமை. இவற்றுள் கடைசியாக எடுத்த நேரம்தான் மிக முக்கியம். அதைக் கொண்டுதான் மருந்தை எப்போது தொடங்குவது என்று வைத்தியர் தீர்மானிப்பார். தகப்பன் பக்கத்தில் நிற்கும்போது மகன் அளவைக் குறைத்துச் சொல்வது வழக்கம். ஆகவே சற்று நேரம் அவரை வைத்தியரோடு தனியே விட்டு வெளியே வாருங்கள்.

மொழி ஒரு தடையாக இருக்கலாம். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. ஆனால் லயம் முழுக்கக் கதை பரப்பும் ஆளாக அவர் இருக்கக்கூடாது. எழுதிய தாளை அப்படியே கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

வைத்தியர் நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணியின் அளவு, கொட்டாவி, நடுக்கம், வயிற்றுக் குழப்பம் என்று 11 அம்சங்களைப் பார்த்துப் புள்ளி போடுவார். மொத்தம் 48. 12 வரை இலேசானது, 13 முதல் 24 வரை நடுத்தரமானது, அதற்குமேல் போனால் கடுமையானது. சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யலாம். அது சேர்த்து எடுத்த வேறு பொருட்களைக் கண்டுகொள்வதற்கே. ஆளைக் குற்றவாளியாக்குவதற்கு அல்ல.

மருந்துகள் செய்யும் வேலை

இரண்டு வழிகள் உள்ளன. அபின் வகையைச் சேர்ந்த பாதுகாப்பான மருந்து ஒன்றைக் கொடுத்து மெதுவாகக் குறைத்துக்கொண்டு வருவது ஒன்று. மெதடோனும் பியூப்ரெனோர்பினும் அப்படிப்பட்டவை. 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. இவை எல்லா வைத்தியசாலைகளிலும் கிடைப்பவை அல்ல; கிடைக்குமா என்று கேட்பதில் தவறில்லை. பியூப்ரெனோர்பின் கொடுப்பதாக இருந்தால் கடைசித் தூளுக்குப் பின் குறைந்தது 12 மணித்தியாலங்களாவது கழிந்து, அறிகுறிகள் நன்றாகத் தெரியத் தொடங்கியிருக்க வேண்டும். ஹெரோயின் உடலில் இருக்கும்போதே அதைக் கொடுத்தால், அது ஹெரோயினைத் தள்ளிவிட்டுத் தான் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே அளவு பலத்தைத் தராது. அப்போது வருத்தம் ஒரே அடியாக வந்து இறங்கும். கடைசி நேரத்தைப் பொய் சொன்னால் அவதிப்படப் போகிறவர் நோயாளிதான் என்பதை அவருக்கு முன்கூட்டியே புரியவையுங்கள்.

மற்றது, வருத்தங்களுக்குத் தனித்தனியே மருந்து கொடுக்கும் வழி. இதில் நடுநாயகம் குளோனிடின் என்ற பிரஷர் மருந்து. முன்னே சொன்ன நோர்அட்ரினலின் சுரப்பை அது அடக்குவதால் வியர்வை, படபடப்பு, அமைதியின்மை குறையும். ஆனால் தசைவலி, தூக்கமின்மை, ஏக்கம் ஆகியவற்றை அது அவ்வளவாகத் தொடாது. வலிக்குப் பரசிட்டமோல், பேதிக்கு லொபெரமைட், வாந்திக்கும் வயிற்றுப் பிடிப்புக்கும் வேறு குளிசைகள், தேவைப்பட்டால் சில நாட்களுக்கு மட்டும் தூக்க மருந்து என்று வைத்தியர் சேர்த்துத் தருவார்.

குளோனிடின் பிரஷரைத் தாழ்த்தும். அதனால் ஒவ்வொரு வேளைக்கும் முன்பு பிரஷரைப் பார்ப்பது அவசியம். 90க்கு 60ஐ விடக் குறைந்திருந்தால் அந்த வேளையைக் கொடுக்காமல் வைத்தியரிடம் கேட்க வேண்டும். நம் லயங்களில் கழிப்பறை பெரும்பாலும் வெளியே, சில படிகள் இறங்கிப் போகும் இடத்தில் இருக்கிறது. பேதி உள்ளவர் நடுச்சாமத்தில் படுக்கையிலிருந்து திடீரென்று எழும்பி, பனியில் நனைந்த அந்தப் படியில் தலைசுற்றி விழுவது நடக்கக்கூடிய விபத்து. படுக்கையில் சற்று உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடக்கச் சொல்லுங்கள். டோர்ச்சோடு ஒருவர் கூடவே போகவேண்டும். அல்லது இரவுக்கு ஒரு வாளியை அறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

வாட்டிலா, வீட்டிலா

இதைத் தீர்மானிப்பவர் வைத்தியர். மதுவோ தூக்கக் குளிசையோ கலந்தவர், கர்ப்பிணி, வேறு பெரிய நோய் உள்ளவர், முன்பு வலிப்பு வந்தவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், வீட்டில் பார்க்க ஆளில்லாதவர் எல்லோரும் வாட்டில் இருக்க வேண்டியவர்கள். அதே லயத்தில் தூள் விற்கப்பட்டால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதுவும் அனுமதிக்க ஒரு காரணம்தான்.

வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னால், தொடங்கும் நாளைச் சம்பள நாளுக்கும் தீபாவளி முற்பணம் கிடைக்கும் நாளுக்கும் தள்ளி வையுங்கள். கையில் காசு புழங்கும் வாரத்தில் மனம் நிற்பது கடினம். அம்மா கொழுந்தெடுக்கப் போனால் பகலில் யார், அப்பா இரவுக் காவலுக்குப் போனால் இரவில் யார் என்று முதல் ஐந்து நாட்களுக்கும் ஆள் பிரித்துக்கொள்ளுங்கள். குளிசைகள் எல்லாம் ஒருவரிடமே, பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். கைத்தொலைபேசியை அவராகவே விரும்பி அந்த நாட்களுக்கு ஒப்படைத்தால் நல்லது. பறித்தால் சண்டைதான் மிஞ்சும்.

உணவில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. முதல் மூன்று நாட்கள் சோறு இறங்காது. கஞ்சி, ரொட்டித் துண்டு, வாழைப்பழம், சூப் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். நீர்தான் முக்கியம். ஜீவனிப் பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் ஒரு கோப்பை கொடுங்கள். வாந்தி இருந்தால் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். சாயத்தண்ணி கொடுக்கலாம், ஆனால் பின்னேரத்துக்குப் பிறகு வேண்டாம், இருக்கும் கொஞ்சத் தூக்கமும் போய்விடும். கால் வலிக்குச் சுடுநீர் ஒத்தடம் நல்ல சுகம் தரும். சிறுநீர் போவது நின்றுபோனால், வாயில் வைத்த எதுவும் தங்காவிட்டால், வாந்தியிலோ மலத்திலோ இரத்தம் கண்டால், காய்ச்சல் கடுமையாக ஏறினால், வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்தால் காத்திருக்காமல் 1990 சுவசெரியவுக்கு அழையுங்கள். தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் அம்புலன்ஸ் வேறு டிவிஷனுக்குப் போய்விடும். டிவிஷனின் பெயர், பக்கத்துக் கோயில் அல்லது தொழிற்சாலை, பிரதான பாதையிலிருந்து பிரியும் இடம் மூன்றையும் சொல்லி, அந்தச் சந்தியில் ஒருவரை நிற்க வையுங்கள்.

ஐந்தாம் நாளுக்குப் பின்

உடல்வருத்தம் குறைந்து, பிள்ளை முகம் கழுவி, பசிக்கிறது என்று கேட்கும் நாளில் வீட்டார் எல்லோரும் மூச்சு விடுவார்கள். அந்த நாளிலிருந்துதான் பெரிய ஆபத்து தொடங்குகிறது. பல மாதங்களாக உடல் பழகியிருந்த தாங்குசக்தி இந்தச் சில நாட்களிலேயே வேகமாக இறங்கிவிடுகிறது. ஏக்கம் மட்டும் இறங்கவில்லை. ஆகவே அவர் எங்காவது தடுக்கி, முன்பு எடுத்த அதே அளவை மறுபடி எடுத்தால், அது இப்போது மூச்சை நிறுத்திவிடக்கூடிய அளவு. வாட்டிலிருந்தோ புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் வாரங்களில் மரணம் கூடுவதற்குக் காரணம் இதுதான். இதைப் பிள்ளையிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அபசகுனம் என்று மறைக்க வேண்டாம்.

எழுப்பினாலும் எழும்பாத உறக்கம், நீண்ட இடைவெளி விட்டு வரும் மூச்சு, தொண்டையில் கரகரப்பு, ஊசிமுனை போல் சுருங்கிய கண்மணி, நீலம் பாரித்த உதடு ஆகியவை மிகையளவின் அடையாளங்கள். “நன்றாகத் தூங்குகிறான்” என்று விட்டுவிடாதீர்கள். 1990க்கு அழைத்து, மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வைத்து, வாயில் உள்ளதை அகற்றி, பக்கத்திலேயே இருங்கள். மூச்சு நின்றுவிட்டால், அழைப்பில் இருப்பவர் சொல்லும்படி முதலுதவியைத் தொடங்குங்கள். தலையில் குளிர்நீர் ஊற்றுவதும் வாயில் தேசிக்காய் பிழிவதும் நேரத்தைத் தின்னும். நீர் நுரையீரலுக்குள் போனால் உள்ளதும் கெடும். வைத்தியசாலையில் நலோக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு. அதன் வேலை அபினைவிடச் சீக்கிரம் முடிந்துபோகக்கூடும் என்பதால், கண் விழித்தவுடன் “வீட்டுக்குப் போவோம்” என்று கையெழுத்து வைத்துக் கூட்டிவரக்கூடாது.

கவ்வாத்து வெட்டிய மலை கொழுந்துக்கு வரும்வரை அதைச் சும்மா விட்டுவைக்க முடியாது; இந்த மாதங்களும் அப்படித்தான். கிளினிக் தவணைகளைத் தவறவிடாதீர்கள். சிலருக்கு மெதடோன் அல்லது பியூப்ரெனோர்பினை நீண்டகாலம் தொடர்வதே, நச்சுநீக்கத்தோடு நிறுத்திவிடுவதைவிடப் பாதுகாப்பானது. “ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?” என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழும். வைத்தியர் அளந்து தரும் மருந்தில் ஒருவர் காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்ப முடிகிறது என்றால், அந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. வேறு சிலருக்கு நல்ட்ரெக்சோன் என்ற தடுப்பு மருந்து பொருந்தும். அதைத் தொடங்குமுன் ஏழு முதல் பத்து நாட்களாவது அபின் வகை எதுவும் உடலில் சேராதிருக்க வேண்டும்.

பிரதேச செயலகங்களில் உளவளத்துணை அலுவலர்கள் இருக்கிறார்கள். தமிழில் பேசக்கூடியவரைக் கேட்டு, பிள்ளைக்கு ஒரு நாளும் தாய்க்கு வேறொரு நாளும் நேரம் வாங்குங்கள். தாய்க்கும் அது தேவை. பழைய வேலைக்குக் கொழும்புக்கே திருப்பி அனுப்பும் அவசரம் வேண்டாம். அந்தக் கடையின் பின்தெருவும் அந்த அறைத் தோழர்களும் அங்கேயேதான் இருக்கிறார்கள். ஊரிலேயே சில மாதங்கள் மரக்கறித் தோட்டத்திலோ கடையிலோ ஏதாவது ஒரு வேலை பார்த்துக் கொடுத்து, கூலியை முதல் மாதங்களில் வங்கியில் போட ஏற்பாடு செய்யுங்கள்.

மறுபடி விழுந்துவிட்டால், அது இந்த நோயில் பலருக்கும் நேர்வது. அடிக்காமல், ஊரைக் கூட்டாமல், அதே கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு அதே வைத்தியரிடம் போங்கள். சென்ற முறை எந்த மருந்து, எந்த அளவு, பிரஷர் எவ்வளவுக்கு இறங்கியது, எத்தனையாவது நாளில் தூக்கம் வந்தது என்பதெல்லாம் அதில் இருப்பதால், இம்முறை அவர் அதிலிருந்தே தொடங்க முடியும்.